ஒரு வாய்ச் சோற்றை ஒரு நிமிடம் மென்று பாருங்கள்

வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிப்பு தட்டும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. காம்ப்ளெக்ஸ் கார்ப் என்று சொல்வது இந்த மாவுச்சத்தைத்தான். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் பூச்சரம் போல் கோத்து நிற்கின்றன.

"காம்ப்ளெக்ஸ் கார்ப் என்றால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்" என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி. பாலிஷ் போட்ட அரிசியும் மைதாவும்கூட அதே வகைதான். தவிடு போய்விட்டதால் சரம் சீக்கிரம் அறுந்துவிடும். கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் வேகமாகச் செரித்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அதனால் பெயரை விடுங்கள். தானியம் முழுசாக இருக்கிறதா, பல்லுக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். தோலோடு வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, கொள்ளு எல்லாம் நல்ல தேர்வு.

இன்னொன்று. வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி இறுகிவிடும். அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. பழைய சோற்றிலும் இது உண்டு. அதற்காக அளவு பார்க்காமல் சாப்பிட வேண்டாம். அப்புறம், தட்டில் பொரியலைக் கூட்டி, அதை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள்.