பெரிய எண்ணின் முதன்மைக் காரணிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கிராமமொன்றில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். 360 ஐ முதன்மைக் காரணிகளின் பெருக்கமாகப் பிழையின்றி எழுதும் பிள்ளைகள், 10¹⁶ + 1, அதாவது 10000000000000001 என்ற பதினேழு இலக்க எண்ணைக் கொடுத்தபோது எங்கெங்கே வழுக்கினார்கள் என்பதை, அவர்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் தவறு கருவியை நம்பியதால் வந்தது. ஒரு மாணவன் எண்ணைக் கைபேசியின் விரிதாளில் இட்டான். விரிதாள் பதினைந்து இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்திருப்பதால் கடைசி 1 சத்தமின்றி 0 ஆகிவிட, 2¹⁶ × 5¹⁶ என்று விடை எழுதினான். அவன் வகுத்ததில் பிழை இல்லை, எண்தான் வேறாகிவிட்டது. ஒற்றை எண்ணுக்கு 2 எப்படிக் காரணியாகும் என்று கேட்டபின்னரே அவனுக்கு விளங்கியது. இத்தகைய எண்களைத் தாளில் நெடுமுறையாக வகுக்க வேண்டும். அல்லது முழுவெண்களை எத்தனை இலக்கமானாலும் குறையாமல் வைத்திருக்கும் பைத்தன் போன்ற கணினி மொழியைப் பயன்படுத்த வேண்டும்.

கோலத்தை நம்புவது அடுத்தது. 11, 101 ஆகியன முதன்மை எண்கள் என்பதால் இடையில் பூச்சியங்கள் கூடினாலும் அப்படியே இருக்கும் என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் 1001 = 7 × 11 × 13, 10001 = 73 × 137. கணிதவியலாளர் ஃபெர்மாவும் இவ்வாறே 2³² + 1 முதன்மை எண் என்று கருதினார். 1732 இல் இன்னொரு கணிதவியலாளரான ஒயிலர் அது 641 ஆல் வகுபடும் என்று காட்டினார்.

நான் அதிகம் கவலைப்படுவது, தேடலைப் பாதியில் நிறுத்திவிட்டு ‘இது முதன்மை எண்’ என்று எழுதுவதைப் பற்றித்தான். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் நமது எண் வகுபடாது என்பது உண்மை, ஆனால் அதிலிருந்து எதுவும் முடிவாவதில்லை. வர்க்கமூலம் வரை பார்க்க வேண்டும். அது இங்கே பத்துக் கோடியைத் தொடுகிறது, அதற்குட்பட்ட முதன்மை எண்களோ 5,761,455. எனவே எண்ணின் அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். p ஒரு முதன்மைக் காரணியானால், 10¹⁶ ஐ p ஆல் வகுக்க மீதி −1 (அதாவது p − 1) என்பதால் 10³² இன் மீதி 1 ஆகும். 10 இன் அதற்குக் குறைந்த எந்த வலுவும் மீதி 1 ஐத் தராது; மீதி 1 ஐத் தரும் மிகச் சிறிய அடுக்கு 32 ஐ வகுக்க வேண்டும், அது 32 ஐவிடக் குறைந்தால் 16 ஐயும் வகுத்து 10¹⁶ இன் மீதியும் 1 ஆகியிருக்கும். 10 இன் p − 1 ஆவது வலுவும் மீதி 1 ஐத் தரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம்; ஆகவே p − 1 ஆனது 32 ஆல் வகுபட வேண்டும். அப்போது பரிசோதிக்க வேண்டியவை 97, 193, 257, 353 என்று குறைந்துவிடுகின்றன. நான்காவது முயற்சியிலேயே 353 கிடைக்கிறது. தொடர்ந்தால் 449, 641, 1409 ஆகியனவும் கிடைத்து, 69857 எஞ்சும்.

இங்கே பலர் பழைய எல்லையையே பிடித்துக்கொண்டு மேலும் வகுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காரணியை நீக்கியதும் எஞ்சியதன் வர்க்கமூலமே புதிய எல்லை. 69857 இன் வர்க்கமூலம் 265 ஐ எட்டாது. அதற்குட்பட்டவை முன்பே பார்க்கப்பட்டவை. ஆகவே அது முதன்மை எண்.

முதன்மைக் காரணிகள் ஐந்து என்பதால் காரணிகளும் ஐந்தே என்று எழுதக் கூடாது. ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வருவதால் எல்லாக் காரணிகளும் 2⁵ = 32 ஆகும்.

ஓர் எண் சேர்த்தி எண் (1 ஐவிடப் பெரிய, முதன்மை அல்லாத எண்) என்று அறிவதும் காரணிகளை அறிவதும் வேறு வேறு. 2⁶⁷ − 1 முதன்மை எண் அல்ல என்று 1876 இலேயே லூக்கா என்ற கணிதவியலாளர் காட்டிவிட்டார். 193707721 × 761838257287 என்ற காரணிகளை 1903 இல்தான் கோல் என்ற கணிதவியலாளர் முன்வைத்தார்.

விடையைச் சரிபார்க்க இலக்கச் சுட்டியை (இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டிப் பெறுவதை) மட்டும் பயன்படுத்துவதும் போதாது. ஐந்து காரணிகளின் சுட்டிகளான 2, 8, 2, 5, 8 ஐப் பெருக்க வருவது 1280, அதன் சுட்டி 2. நமது எண்ணின் சுட்டியும் 2. ஆனால் 641 ஐத் தவறுதலாக 614 என்று எழுதினாலும் சுட்டி மாறாது. ஆதலால் ஐந்தையும் முழுமையாகப் பெருக்கி, பதினேழு இலக்கங்களும் ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.