கோடும் கட்டமும் பார்க்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளோ மரமோ இல்லாமல் கோடு, கட்டம், வட்டம், வண்ணம் மட்டும் வைத்து வரைவது வடிவியல் அரூப ஓவியம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கப் போவது பெரும்பாலும் ஒரு ராத்திரிப் பயணம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. ஆனால் வியாழக்கிழமை ராத்திரி ஏறாதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

உள்ளே போனதும் பலரும் சொல்வது, "இதை ஸ்கேல் வைத்து நானே போட்டுவிடுவேனே!" இங்கேதான் பார்ப்பது நின்றுபோகிறது. பட்டமடைப் பாயைத் தூரத்தில் நின்று பார்த்து யாராவது விலை பேசுவார்களா? கிட்டப் போய், கோரை எவ்வளவு நைசாகக் கிழிபட்டிருக்கிறது, விளிம்பு எப்படி முடிகிறது என்று பார்த்துத்தானே வாங்குகிறோம். அந்தக் கண் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஓவியத்துக்கும் கொடுங்கள். நெதர்லாந்து ஓவியர் பியெத் மோந்திரியான் 1920-களில் வரைந்த சில ஓவியங்களில் கறுப்புக் கோடு துணியின் ஓரத்தைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ஒரே வெள்ளையும் அல்ல. ரஷ்ய ஓவியர் காசிமிர் மாலெவிச் 1915-இல் காட்சிக்கு வைத்த கறுப்புச் சதுரம் சரியான சதுரமே இல்லை, பக்கங்கள் லேசாகச் சாய்ந்திருக்கும். கறுப்புக்கு அடியில் வேறு வண்ண ஓவியங்கள் இருப்பதை 2015-இல் ஊடுகதிர் (எக்ஸ்ரே) ஆய்வில் கண்டார்கள். கை தயங்கியதும் திருத்தியதும் கிட்டப் போனால்தான் தெரியும்.

ஒன்று மட்டும்: பாயைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தில் கை நீண்டுவிடும். விரலின் எண்ணெய்ப் பசை வண்ணத்தில் தங்கிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள்.

போனில் படம் எடுத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அடுத்த தவறு. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதி (1937–1990) காகிதத்தில் மையாலும் பென்சிலாலும் இழுத்த மெல்லிய கோடுகளைச் சிறிய திரையில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். நேரில் நின்றால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக மூச்சு விடும்.

அப்புறம், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று தேடுவது. சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை சுத்தமான வடிவியல் ஓவியம் அல்ல. ஆனாலும் நல்ல பயிற்சி. ஜாதகக் கட்டம் போல இருக்கும், எழுத்து போல இருக்கும், ஆனால் படிக்க முடியாது. எழுத்துக்கூட்டிப் பார்ப்பதை நிறுத்தினால், எங்கே நெருக்கம், எங்கே வெற்றிடம் என்று கண் தானாகப் போகும். கோலத்துக்கு நாம் அர்த்தம் கேட்பதில்லை, புள்ளி இசைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அதற்காக "இது நம்ம கோலம்தானே" என்று முடித்துவிடுவதும் சரியில்லை. கோலம் மறுநாள் காலையில் அழிந்துபோகும். இது அழியாமல் இருக்கவேண்டும் என்று வரைந்தது.

கூடம் முழுவதையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று ஓடாதீர்கள். ஐந்து ஓவியம் போதும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். வெயிலிலிருந்து நேரே உள்ளே வந்தவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து, கண் பழகிய பிறகு எழுந்து போங்கள். மங்கலான நீலமும் கறுப்பும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.