பழவேற்காடு ஏரியில் ஒரு காலை: பறவைகளுக்குள் நடப்பதைப் பார்ப்பது எப்படி?

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்குப் பக்கத்தில், சூலூர்பேட்டையில். மார்கழி பிறந்தால் போதும், சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க ரயிலேறி வந்துவிடுவார்கள். நாலு படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பியும் விடுவார்கள். எனக்கு மனசே ஆறாது. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தானே அந்தப் பறவைகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும்?

முதல் வேலை, இடம் பிடிப்பது. ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. விடிந்ததும் போய், வண்டியை நன்றாக ஓரங்கட்டிவிட்டு, வடபக்கத் தண்ணீரைப் பாருங்கள். குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் எழும்புவதால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் ஒன்று போதும்.

இரண்டாவது, பெயர் தேடாதீர்கள். நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: நேரம், யார், யாரை என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் ‘நெட்டைக்கால், கறுப்பு இறக்கை’ என்று எழுதினாலே போதும். நெடுங்கால் உள்ளான் என்று அப்புறம் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, கரண்டி மாதிரி அலகுள்ள கரண்டிவாயன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கவனியுங்கள். அது அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். அதன் பின்னாலேயே சின்ன வெள்ளைக்கொக்கு வருகிறதா பாருங்கள். துழாவலுக்குப் பயந்து துள்ளும் மீனைக் கொக்கு டக்கென்று கொத்திவிடும். கரண்டிவாயன் திரும்பினால் கொக்கும் திரும்பும்.

தண்ணீருக்கு மேலே பறந்து மீன் பிடிக்கும் ஆலாவையும் (டெர்ன்) கடற்காகத்தையும் (கல்) தவறவிடவே கூடாது. போன தை மாதம் ஒரு மீசை ஆலா, விரல் நீள மீனை அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு மேலெழுந்தது. பழுப்புத்தலைக் கடற்காகம் ஒன்று விடாமல் துரத்தியது. ஆலா வளைந்தது, தாழ்ந்தது, கடைசியில் மீனை விட்டுவிட்டது. தண்ணீரைத் தொடுவதற்குள் கடற்காகம் பிடித்துவிட்டது. முழுக்க முழுக்கப் பத்து விநாடி இருக்கும்.

திடீரென்று உள்ளான் கூட்டம் மொத்தமாகக் கிளம்பினால் அதை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து என்ற வேட்டைப்பறவை தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். அப்போது பூநாரைகள் என்ன செய்கின்றன என்பதையும் எழுதிவையுங்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பூநாரைகள் மேய்வதை நிறுத்தி, கழுத்தை நிமிர்த்தி, சேர்ந்து நகர ஆரம்பித்தால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்குங்கள். படத்துக்காகக் கைதட்டிக் கிளப்பாதீர்கள். அவை இரைதேடும் நேரம் அது.

பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி எல்லாம் ஆடும். அங்கிருந்து நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். அங்கே நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் (பெலிகன்) கூடு கட்டியிருக்கும். நத்தைகுத்தி நாரையும் இராக்கொக்கும்கூட அங்கே குடித்தனம் நடத்தும். எந்தக் கிளை யாருக்கு என்பதை நோட்டின் அடுத்த பக்கத்தில் வரைந்துவையுங்கள்.