எல்லாரும் எழுதுகிற தலைப்பில் உங்கள் கட்டுரையை எழுதுவது எப்படி?

வெள்ளவத்தையில் என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். செப்டம்பர் பிறந்தால் ஒவ்வொருவராக வருவார்கள். கையில் இருக்கும் தலைப்பை நானே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்: 2022 பொருளாதார நெருக்கடி, கொரோனா கால ஒன்லைன் வகுப்பு, பரதநாட்டிய அரங்கேற்றம், அம்மம்மாவின் இழப்பு, மாணவத் தலைவர் பதவி, கிரிக்கெட்டில் முறிந்த கால். "மிஸ், இது எல்லாரும் எழுதுறது, வேற தலைப்புச் சொல்லுங்கோ" என்பார்கள். நான் சொல்வதில்லை. கொழும்பில் வளர்ந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு இவைதான் நடந்திருக்கும். இல்லாத ஒன்றைத் தேடிப் போனால் பொய்தான் வரும்.

திணறுவதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்றால் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். நீ யார் என்று எவரும் கட்டுரை கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பழகியதோ முன்னுரை, மூன்று பந்தி, முடிவுரை. சரி, முதலிலிருந்து தொடங்குவோம்.

1. எங்கே அனுப்பப் போகிறீர்கள்?

அமெரிக்காவுக்கு என்றால் பெரும்பாலும் கொமன் அப், அதாவது பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் இணையத்தளம். அதில் ஏழு கேள்விகளில் ஒன்றுக்கு 250 முதல் 650 சொற்களுக்குள் எழுத வேண்டும். ஏழாவது, நீங்களே தெரிவு செய்யும் தலைப்பு. இங்கிலாந்துக்கு என்றால் யூகாஸ், அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு. 2026 அனுமதியிலிருந்து அங்கே ஒரே கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள், இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். ஏன் இந்தப் பாடநெறி, படிப்பு உங்களை அதற்கு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறார்கள். அங்கே அம்மம்மா கதைக்கு இடமில்லை. ஒன்றை எழுதி இரண்டுக்கும் அனுப்பாதீர்கள். கீழே வருவது கொமன் அப்புக்கானது.

2. முதலில் தமிழில் சொல்லுங்கள்

ஆங்கிலத்தில் உட்கார்ந்தவுடன் நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டிக் குரல் வந்துவிடுகிறது. அதனால் போனை எடுத்து, நடந்ததைச் சிநேகிதனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்வதுபோலப் பத்து நிமிடம் தமிழில் சொல்லுங்கள். அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே பேனையால் குறிப்பெடுங்கள். எங்கே சிரித்தீர்கள், எங்கே "அது இருக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்கள் என்று குறியுங்கள். தாண்டிப் போன இடம் எனக்கு மிகவும் முக்கியம்.

3. தாண்டிய இடத்தைக் கிண்டுங்கள்

இதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு பையன் 2022 நெருக்கடி பற்றி எழுதி வந்தான். பதின்மூன்று மணி நேரம் வரை போன மின்வெட்டு, பெற்றோல் வரிசை, விலையேற்றம், கடைசியில் "பொறுமையைக் கற்றுக்கொண்டேன்". எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் கட்டுரைக்குள் அவன் இல்லை.

"நீ எந்த வரிசையில் நின்றாய்?" என்று கேட்டேன். காஸ் வரிசையாம். வயது பதினான்கு. ஒழுங்கையில் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோர்த்து வைத்திருந்தார்கள். யாருடையது எத்தனையாவது என்று சோக்கால் இலக்கம் போட்டிருந்தார்கள். இரவு மழை பெய்து இலக்கமெல்லாம் அழிந்துவிட்டது. காலையில் ஒரே சண்டை. இவன்தான் தன் சீஆர் கொப்பியின் பின்பக்கத்தில் எல்லார் பெயரையும் கேட்டுக் கேட்டுப் புதிதாகப் பட்டியல் எழுதியிருக்கிறான்.

இதுவே நல்ல கதை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் அவன் தமிழில் சொன்ன குரல் பதிவில் "பிறகு லொறி வந்தது, அது இருக்கட்டும்" என்று ஓர் இடம் இருந்தது. அங்கே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: பத்தொன்பதாவதாக இருந்த தன் வீட்டுச் சிலிண்டரைப் பட்டியலில் பதினேழாக எழுதியிருக்கிறான். எவருக்கும் தெரியாது. அடுத்த தடவை வரிசை போட்டபோது, கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரிசையில் நின்ற இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினான். ஏன் என்று அவர்கள் கேட்க, "மழை வந்தாலும் பிரச்சினை இல்லை" என்றானாம்.

தலைப்பு அதே நெருக்கடிதான். ஆனால் இப்போது கட்டுரை, பட்டியலை யார் எழுதுவது, எழுதுகிறவனை யார் பார்ப்பது என்பதைப் பற்றியது. அவன் படிக்கப் போவது கணினி விஞ்ஞானம். அதோடு பொருந்துகிறது என்று நான் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது. தாய்க்குத்தான் பிடிக்கவில்லை. "களவு செய்தனியெண்டு வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிக் குடுக்கிறியோ?" என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. எல்லாக் குற்றத்தையும் இப்படி எழுத முடியாது. இங்கே பிழைக்குப் பிறகு அவன் கையால் செய்த ஒரு வேலை இருக்கிறது. அது இல்லாவிட்டால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

மற்றத் தலைப்புகளுக்கும் இதே மண்வெட்டிதான். அரங்கேற்றம் என்றால் மேடையை விடுங்கள். எந்த உருப்படியில் எந்த இடம் வரவே மாட்டேன் என்றது, அதற்கு என்ன செய்தீர்கள்? அம்மம்மா என்றால் அவர் எவ்வளவு நல்லவர் என்று 500 சொல் எழுதினால், அனுமதி அவருக்குத்தான் கிடைக்கும். அவர் போன பிறகு நீங்கள் செய்யத் தொடங்கிய அல்லது நிறுத்திய ஒன்றை எழுதுங்கள்.

4. நாட்டு வரலாற்றை வெட்டுங்கள்

வாசிப்பவருக்கு இலங்கை தெரியாதே என்று பிள்ளைகள் முதல் 150 சொற்களை நெருக்கடிக்கான காரணங்களுக்குச் செலவழிக்கிறார்கள். 650 சொற்களில் அது கால்வாசிக்குக் கிட்ட. "அந்த வருடம் எங்கள் ஊரில் சமையல் காஸ் கிடைக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். அப்துல் கலாமையும் குறளையும் மேற்கோள் காட்டித் தொடங்குவதையும் அதே கத்தரிக்கோலால் வெட்டுங்கள். குறளில் எனக்குக் கோபம் இல்லை. ஆங்கிலத்தில் போட்டவுடன் அதுவும் சுவரொட்டி வாசகம் மாதிரி ஆகிவிடுகிறது.

5. முடிவுப் பந்தியை அழித்துவிட்டு வாசியுங்கள்

எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் இடம் கடைசிப் பந்திதான். "இந்த அனுபவம் எனக்கு..." என்று தொடங்கினால் அழியுங்கள். பத்துக்கு ஏழு தடவை அதற்கு முந்திய பந்தியே நல்ல முடிவாக இருக்கும். அந்தப் பையன் கட்டுரை மழை பற்றிச் சொன்ன அந்தப் பதிலோடு நின்றது.

6. அடுத்த நாள் கேளுங்கள்

ரியூசன் சிநேகிதன் ஒருவனிடம் வாசிக்கக் கொடுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வான். மறுநாள் கூப்பிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். "சோக் அழிஞ்சது" என்றால் சரி. "நெருக்கடி பற்றி ஏதோ" என்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

7. திருத்துபவர்களிடம் கவனம்

என்னையும் சேர்த்துத்தான். ஒருமுறை ஒரு பெண் பிள்ளையின் கட்டுரையைத் திருத்தித் திருத்தி, வாசித்தால் நாற்பத்தைந்து வயது ஆங்கில ஆசிரியை எழுதியது போல ஆக்கிவிட்டேன். அவளும் மரியாதைக்குப் பேசாமல் இருந்தாள். நல்லவேளை, அவளுடைய அண்ணன் கண்டுபிடித்தான். பழைய பிரதியிலிருந்து மறுபடி தொடங்கினோம். இப்போது நான் கோடு மட்டும்தான் போடுகிறேன், சொல் கொடுப்பதில்லை. சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கும் யோசனை இருந்தால் விடுங்கள்: செயற்கை நுண்ணறிவு எழுதியதைச் சொந்த எழுத்தென்று கொடுப்பதைக் கொமன் அப் மோசடியாகவே கணக்கில் எடுக்கிறது.

அனுப்பும்போது, கூகிள் டொக்ஸில் இருந்து ஒட்டிய பிறகு பந்தி பிரிந்திருக்கிறதா என்று முன்பார்வையில் ஒருமுறை பாருங்கள். பல பல்கலைக்கழகங்களுக்கு வழமையான முடிவுத் திகதி ஜனவரி 1. புதுவருட இரவு வெடிச்சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து அனுப்பிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். நத்தாருக்கு முன்பே அனுப்பிவிட்டு வெடி கொளுத்தப் போங்கள்.