மன்னிப்புக் கேட்கப் போகிறீர்களா? போகும் முன் கொஞ்சம் உட்காருங்கள்

மத்தேயு 5-ஆம் அதிகாரம் 23, 24 வசனங்களை நாம் எத்தனையோ முறை கேட்டிருப்போம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார் இயேசு. இதில் ஒரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. அவர் இதைச் சொன்னது கலிலேயாவில், பலிபீடம் இருந்ததோ எருசலேம் தேவாலயத்தில். நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல், நடையாகப் போனால் சில நாள் பயணம். அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவனுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு தூரம் போய் வரிசையில் நிற்கும்போது ஊரில் இருக்கிற ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான், உடனே திரும்பி நடக்க வேண்டும், அவனைப் பார்த்துப் பேசிச் சரிசெய்துவிட்டு மறுபடி அதே தூரம் நடக்க வேண்டும். ஆராதனையை நிறுத்திவைக்கும் அளவுக்குப் பெரிய வேலை அது.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் தன் வீட்டுப் பிரச்சினை ஒன்றை என்னிடம் மட்டும் சொன்னார். அதை நான் ஜெபக்குழுவில், இந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள் என்று விவரத்தோடு சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை, ஆனாலும் யார் என்று எல்லோருக்கும் புரிந்தது. இரண்டே வாரத்தில் அவர் காதுக்குப் போய்விட்டது. நான் வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி, கீழே ஒரு வசனத்தையும் போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் மனம் கடினப்பட்டுவிட்டது என்று முடிவு செய்துகொண்டு அவருக்காக ஜெபம்கூடச் செய்தேன். ஏழெட்டு மாதம் கழித்து அந்தச் செய்தியைத் திறந்து மறுபடி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது, நான் என்ன செய்தேன் என்பது அதில் எங்கேயும் இல்லை. "மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்று இருந்தது. புண்படுத்தியது யார்? அதைச் சொல்லவே இல்லை.

அதனால் முதல் வேலை, ஒரு தாளை எடுத்து நீங்கள் செய்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. எழுவாய் "நான்" என்று இருக்கட்டும், வினைச்சொல் நீங்கள் செய்த காரியமாக இருக்கட்டும். "நமக்குள் ஒரு மனஸ்தாபம் வந்துவிட்டது" என்று எழுதினால் அது தானாக வந்த மழை மாதிரி இருக்கிறது. "நீங்கள் என்னை நம்பிச் சொன்னதை நான் பத்துப் பேர் முன்னால் சொன்னேன்" என்று எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது, எழுதி முடித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அப்படி ஆகவில்லை என்றால் இன்னும் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேதத்தில் இரண்டு ராஜாக்களின் அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது நன்றாகப் புரியும். 1 சாமுவேல் 15-இல், அமலேக்கியரின் ஆடுமாடு எதையும் தப்பவிடாதே என்ற கட்டளையை மீறிய சவுல், தீர்க்கதரிசி சாமுவேலிடம் முதலில் கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான், பிறகு ஜனங்கள்தான் ஆடுமாடுகளைத் தப்பவைத்தார்கள் என்கிறான், அப்புறம் பாவம் செய்தேன், ஜனங்களுக்குப் பயந்தேன் என்று ஒத்துக்கொள்கிறான், கடைசியில் மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்கிறான். அவனுக்குக் கவலை எல்லாம் ஊர் என்ன நினைக்கும் என்பதுதான். 2 சாமுவேல் 12-இல் தாவீது செய்தது அதைவிடப் பெரிய அக்கிரமம், விபசாரமும் கொலையும். தீர்க்கதரிசி நாத்தான் வந்து நிற்கிறபோது அவன் சொல்வது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்பது மட்டும். பத்சேபாள் அங்கே குளித்துக்கொண்டிருந்தாள் என்றோ, யுத்த காலம், மனசு சரியில்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாவது, எழுதியதில் வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். "ஆனால்" என்ற சொல் இருந்தால் அதற்கு அப்புறம் வருவது முழுவதும் போகட்டும். "ஒருவேளை", "ஏதாவது தப்பாக", "தெரிந்தோ தெரியாமலோ" இதெல்லாமும் போகட்டும். தெரிந்தோ தெரியாமலோ செய்த பாவங்களை மன்னியும் என்று ஜெபத்தில் சொல்லிப் பழகிவிட்டோம், அதையே மனுஷரிடமும் சொல்கிறோம், ஆனால் எதிரே நிற்பவருக்கு நாம் தெரிந்துதான் செய்தோம் என்று நன்றாகவே தெரியும். "மனசுல வச்சுக்காதீங்க" என்பதையும் தவிர்த்துவிடுங்கள். கேட்க மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மன்னிப்புக் கேட்பதாகாது, காயத்தை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று காயப்பட்டவருக்கே இடும் கட்டளை. எல்லாவற்றையும்விட மோசமானது வசனத்தை ஆயுதமாக எடுத்துக்கொண்டு போவது. ஆண்டவரே என்னை மன்னித்துவிட்டார், நீங்கள் மன்னிக்கக் கூடாதா என்று கேட்கிறவர் இன்னொரு முறை அடித்துவிட்டுத்தான் வருகிறார். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன வசனம் மன்னிக்க வேண்டியவருக்குத்தான், அதை அவருக்கு எடுத்துச் சொல்லும் உரிமை தப்பு செய்த நமக்குக் கிடையாது.

மூன்றாவது விஷயத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், நம்மில் நிறையப் பேர் தாண்டிப் போவது இதைத்தான். எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? லேவியராகமம் 6-இல் ஒருவன் அயலானை ஏமாற்றியோ பறித்தோ எடுத்திருந்தால், முதலைத் திரும்பக் கொடுத்து அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. குற்றநிவாரண பலியும் உண்டு, ஆனால் பலி கொடுத்துவிட்டேன் என்பதால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகாது. வரி வசூலித்த சகேயு இன்னும் மேலே போகிறான், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான், அதன் பிறகுதான் இயேசு இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். எடுத்தது பணமாக இருந்தால் கணக்கு சுலபம், கடனாக வாங்கித் திருப்பாத தொகையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், மொத்தமாக முடியாவிட்டால் முதல் தவணையையும் எழுதிய ஒரு தேதியையும் கொண்டுபோங்கள். வேலையில் இன்னொருவர் உழைப்புக்கு நீங்கள் பெயர் வாங்கியிருந்தால், யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே போய் அது இவருடைய வேலை என்று சொல்லுங்கள். ஒருவருடைய பெயரைக் கெடுத்திருந்தால்தான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் யார் யாரிடம் பேசினோமோ அத்தனை பேரிடமும் திரும்பிப் போக வேண்டும். நான் முதலில் அந்த நண்பரிடம் கேட்டேன், குழுவில் சொல்லலாமா, அது மறுபடி உங்களுக்கு வேதனை தருமா என்று. அவர் விவரம் எதுவும் வேண்டாம் என்றார். எனவே குழுவில், ஒருவர் என்னிடம் நம்பிச் சொன்னதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் இங்கே சொன்னேன், அது பாவம், அதை இனி யாரும் பேசாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். ஐந்தில் ஒரு பங்கு எனக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, போவது எப்படி? நேரில் போங்கள். தூரத்தில் இருந்தால் ஃபோனில் பேசுங்கள், குரலாவது போகட்டும். யோசேப்பைச் சிறுவயதில் விற்றுப்போட்ட அவன் சகோதரர்கள் தகப்பன் இறந்த பிறகு பயந்துபோய் ஆள் அனுப்பினார்கள், எங்கள் குற்றத்தை மன்னிக்கும்படி அப்பா சாவதற்கு முன் கட்டளையிட்டார் என்று. அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். ஏன் அழுதான் என்று ஆதியாகமம் சொல்லவில்லை, ஆனால் இத்தனை வருடம் கூட இருந்தும் இன்னொருவர் வாய் வழியாக வருகிறார்களே என்று அவனுக்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே பாஸ்டரையோ பெரியவர் ஒருவரையோ முன்னால் நிறுத்தாதீர்கள், அவர் பக்கத்தில் இருக்கும்போது காயப்பட்டவரால் கோபப்படக்கூட முடியாது. முன்கூட்டியே, உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், பத்து நிமிடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிற கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்காதீர்கள், அங்கே அவரால் சரி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது.

பேசுவது இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். "நான் இதைச் செய்தேன். அது தப்பு. அதனால் உங்களுக்கு இன்னது நடந்தது என்று எனக்குத் தெரியும், தெரியாததும் இருக்கும். இதைச் சரிசெய்ய இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன், வேறு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் சொல்லுங்கள். என்னை மன்னியுங்கள்." இவ்வளவுதான். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அவர் உங்களைத் தேற்றும் நிலைமைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். இதையே மனைவியிடமும் கணவரிடமும் பிள்ளையிடமும் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடமும் சொல்லலாம், வார்த்தை மாற வேண்டியதில்லை. பிள்ளையை அநியாயமாகத் திட்டிவிட்டு, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் கொஞ்சிப் பேசினால் அது மன்னிப்புக் கேட்டதாகிவிடும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். குழந்தை நம்மோடு சேர்ந்துகொள்ளும், அதற்கு வேறு வழி இல்லை. ஆனால் "அப்பா நேற்று உன்னைத் திட்டியது தப்பு, மன்னித்துக்கொள்" என்ற வாக்கியத்தை ஒருமுறை கேட்ட பிள்ளைக்கு, கடவுளிடம் பாவத்தை அறிக்கையிடுவது என்றால் என்ன என்று தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்காது.

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் கோபப்படலாம், நீங்கள் மறந்துபோன வேறு இரண்டு விஷயங்களையும் எடுத்துப் போடலாம், அதில் ஒன்று நியாயமே இல்லாததாகவும் இருக்கலாம். அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லாதீர்கள். மன்னிக்க முடியாது என்றால், புரிகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று சொல்லும் ரோமர் 12:18-இல் பவுல் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று சேர்த்து எழுதுகிறார், அந்த இரண்டு வார்த்தையிலும் பெரிய ஆறுதல் இருக்கிறது. நம்மாலானதைச் செய்யாமல் விட்டுவிட்டு அவர் மனம் கடினம் என்று சொல்லக் கூடாது, செய்தபின் அவர் பங்கையும் நாமே பிடுங்கிச் செய்யவும் முடியாது.

போகக் கூடாத சமயங்களும் உண்டு. உங்களை அடித்தவர், மிரட்டியவர், துஷ்பிரயோகம் செய்தவர் இருக்கிற இடத்துக்கு ஒப்புரவாக வேண்டும் என்று தனியே போகாதீர்கள், அப்படிப் போகச்சொல்லி யார் வசனம் காட்டினாலும் கேட்காதீர்கள். நீங்கள் காயப்படுத்தியவர் இனி என்னைத் தொடர்புகொள்ளாதே என்று சொல்லியிருந்தால் அந்த வார்த்தையை மதிப்பதுதான் உங்களால் இப்போது செய்ய முடிந்த ஒரே பரிகாரம். அப்புறம், ஒருவரைப் பற்றி மனதுக்குள் மட்டும் பொறாமையோ வெறுப்போ வைத்திருந்தால் அதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள், அந்த மனிதரிடமே போய் "ஐந்து வருடமாக உங்களை எனக்குப் பிடிக்காது, மன்னியுங்கள்" என்று சொன்னால் உங்கள் பாரம் இறங்கி அவர் தலையில் ஏறும்.

இதற்கு ஒரு நாள் குறித்துவைப்பது உதவும். நான் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை இரவை வைத்திருக்கிறேன், அந்த வாரத்து முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன், எந்த முகத்தில் மனம் தயங்குகிறதோ அங்கே நிறுத்துவேன். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஆதிச் சபையின் கையேடான திதாக்கேயில், சண்டையிட்டிருப்பவர்கள் ஒப்புரவாகும்வரை அப்பம் பிட்கக் கூடிவர வேண்டாம் என்று இருக்கிறது. சுமார் 155-ஆம் ஆண்டு எழுதிய ஆதிச் சபை எழுத்தாளர் ஜஸ்டின், ஜெபம் முடிந்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்திய பிறகுதான் அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்படும் என்கிறார். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரிய நோன்பு தொடங்கும் முன் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்கிறார்கள், குருவானவரும் சபையாரிடம் கேட்கிறார்.

பழைய நட்பு அப்படியே திரும்பி வருமா என்று கேட்பீர்கள். அண்ணன் ஏசாவை ஏமாற்றி ஆசீர்வாதத்தைப் பெற்ற யாக்கோபு, பல வருடம் கழித்து வெகுமதிகளை முன்னே அனுப்பி, ஏழு தரம் தரைமட்டும் குனிந்து ஏசாவிடம் போனான், ஏசா ஓடி வந்து கட்டிக்கொண்டான், இருவரும் அழுதார்கள். ஆனாலும் அதற்கப்புறம் ஒரே வீட்டில் வாழவில்லை, ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். ஈசாக்கு இறந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து வந்து அடக்கம் செய்தார்கள். என் நண்பர் அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரி, வந்ததற்கு நன்றி" என்று மட்டும் சொன்னார். இப்போது பார்த்தால் பேசுகிறார், போன மாதம் எனக்கு உடம்பு சரியில்லாதபோது வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார், ஆனால் வீட்டு விஷயம் எதுவும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. ஜெபக்குழுவில் யாராவது இன்னொருவர் குடும்பத்தைப் பற்றி ஆரம்பித்தால், இதை இங்கே சொல்லலாம் என்று அவரிடம் கேட்டீர்களா என்று கேட்கிறேன், கேட்கவில்லை என்றால் பெயரும் விவரமும் இல்லாமலே அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம்.