செஸ் இன்ஜின் எழுத எந்த மொழி? எண்ணிப் பார்த்து முடிவு செய்வோம்

திருநகரில் இருக்கும் அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். "மாமா, செஸ் இன்ஜின் எழுதணும்னா சி பிளஸ் பிளஸ் கத்துக்கிட்டுத்தான் தொடங்கணுமா?" என்று போன வாரம் கேட்டான். செஸ் இன்ஜின் என்பது தானாகவே செஸ் ஆடும் ப்ரோகிராம். அவற்றில் பேர்போன ஸ்டாக்ஃபிஷ் அந்த மொழியில் எழுதப்பட்டது என்பதால் வந்த கேள்வி. "உனக்கு பைத்தான் நல்லா வருதுல்ல மாப்ள? அதுலயே ஆரம்பி" என்றேன். அவனுக்குச் சொன்ன வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எதையும் புரட்டிப் பார்க்காமல் ஐம்பது வரி எழுத வருகிற மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் திரையில் இருக்கும் பலகையோடு யூசிஐ (UCI) என்ற பொதுவான தகவல் பரிமாற்ற முறையில் வெறும் எழுத்து வரிகளாகத்தான் பேசும். அதனால் எந்த மொழியும் சரிதான்.

இரண்டாம் படி: விதிப்படியான நகர்த்தல்களைப் பட்டியலிடும் பகுதியை மட்டும் எழுதுங்கள். நல்ல நகர்த்தலைத் தேடுவது (தேடல்), நிலை யாருக்குச் சாதகம் என்று எடைபோடுவது (மதிப்பீடு) எல்லாம் அப்புறம்.

மூன்றாம் படிதான் உயிர். அதன் பெயர் பெர்ஃப்ட். தொடக்க நிலையிலிருந்து இத்தனை நகர்த்தல் ஆழத்துக்கு எத்தனை விதமாக ஆட முடியும் என்று எண்ணுவது. வெள்ளையோ கறுப்போ ஒருமுறை நகர்த்தினால் ஓர் ஆழம். ஒன்று முதல் ஐந்து ஆழம் வரை வர வேண்டிய விடைகள்: 20, 400, 8,902, 1,97,281, 48,65,609. ஒன்று பிசகினாலும் விதியில் எங்கோ தப்பு இருக்கிறது. ஆனால் இது மட்டும் போதாது. தொடக்க நிலையிலிருந்து ஆறு ஆழம் வரை ஒரு காஸ்லிங்கூட (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) நடக்க முடியாது. என் இன்ஜினில் ராஜா தாக்கப்படும் கட்டத்தைத் தாண்டி காஸ்லிங் செய்துகொண்டிருந்தார். தொடக்க நிலை எண்களெல்லாம் சரியாக இருந்ததால் ஒரு வாரம் தேடினேன். ஆகவே காஸ்லிங் உடனே நடக்கக்கூடிய கிவிபீட் என்ற சோதனை நிலையையும் கொடுத்துப் பாருங்கள். முதல் மூன்று ஆழங்களுக்கு வர வேண்டியவை: 48, 2,039, 97,862.

நான்காம் படி: தொடக்க நிலையிலிருந்து பெர்ஃப்ட் ஐந்தாம் ஆழத்துக்கு ஆகும் நேரத்தை அளந்து பாருங்கள். சி பிளஸ் பிளஸ்ஸிலோ ரஸ்ட்டிலோ ஒழுங்காக எழுதினால் ஒரு நொடிகூட ஆகாது. பைத்தானில் நன்றாகவே காத்திருக்க வேண்டும். பலகையில் 64 கட்டம். கட்டத்துக்கு ஒரு பிட் என்று வைத்தால், வெள்ளைச் சிப்பாய்கள் நிற்கும் இடம் முழுவதையும் ஒரே 64 பிட் எண்ணில் அடக்கலாம். சி பிளஸ் பிளஸ் அந்த எண்ணை அப்படியே பிராசசரிடம் தருகிறது. பைத்தானில் ஒவ்வொரு எண்ணும் ஒரு தனிப் பொருள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண பிட் கணக்கோ 32 பிட்டோடு நின்றுவிடும்.

ஐந்தாம் படி, முடிவு. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல். ஆல்பா பீட்டா வெட்டு என்பது, முடிவை மாற்றாது என்று தெரிந்த நகர்த்தல்களைத் தேடலில் மேலும் பார்க்காமல் விடுவது. அது நன்றாக அமைந்தால், ஓர் ஆழம் கூடுதலாகப் பார்க்க 35 மடங்குக்குப் பதில் சுமார் 6 மடங்கு வேலைதான். அதாவது 36 மடங்கு வேகமான மொழி தருவது இரண்டு ஆழம். வெட்டே எழுதாமல் மொழியை மாற்றுவது, கீழமாசி வீதி நெரிசலுக்குள் பெரிய பைக்கை ஓட்டிப்போவது போல. ரிங் ரோட்டுக்கு வந்தால்தான் அதன் வேகம் தெரியும். முதலில் வெட்டை பைத்தானிலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகும் ஆழம் போதவில்லை என்றால் மாறுங்கள்.

மாறும்போது பெர்ஃப்ட்டைத்தான் முதலில் கொண்டுபோக வேண்டும். புதிய மொழியிலும் அதே எண்கள் வந்த பிறகே தேடலைத் தொடுங்கள்.