விக்டோரியா காலத்து வண்ணப்பெட்டி: வாங்குவதும் பாதுகாப்பதும்

ஓவியர்கள் பயன்படுத்திய பழைய நீர்வண்ணப் பெட்டிகளைச் சேர்ப்பவன் நான். என் முதல் பெட்டி கைக்கு வந்ததும் ஈரத்துணி எடுத்துத் துடைத்துவிட்டேன். நீலக் கட்டி ஒன்றின் மேல் பதிந்திருந்த பெயர் இரண்டே இழுப்பில் கரைந்து போனது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

விக்டோரியா ராணி ஆண்ட 1837–1901 காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கெட்டியான வண்ணக் கட்டிகள் அடுக்கிய மஹோகனி மரப்பெட்டி. கட்டியைத் தண்ணீர் தொட்டுப் பீங்கான் தட்டில் உரைத்துத்தான் வண்ணம் எடுக்க வேண்டும். இன்னொன்று, கறுப்பு வார்னிஷ் பூசிய தகரப்பெட்டி. 1835-இல் விண்சர் அண்ட் நியூட்டன் என்ற லண்டன் வண்ணக் கம்பெனி கிளிசரின் சேர்த்த ஈர வண்ணங்களைக் கொண்டுவந்தது. தூரிகையை நனைத்தாலே வண்ணம் வந்தது. வெளியில் போய் வரைவதற்குச் சிறிய தகரப்பெட்டி போதும் என்றானது. முதல் பெட்டிக்குத் தகரம் நல்லது, பொதுவாக விலை குறைவு.

2. மூடியின் உள்பக்கத்தைப் படியுங்கள்

காலத்தைக் கணிக்க அங்கே ஒட்டியிருக்கும் லேபிள்தான் துணை. விண்சர் அண்ட் நியூட்டனுக்கு அரச அங்கீகாரம் கிடைத்தது 1841-இல். பெயரோடு ‘லிமிடெட்’ சேர்ந்தது 1882-இல். அந்தக் கம்பெனியின் லேபிளில் ‘ஹிஸ் மெஜஸ்டி’ என்று அரசரைக் குறித்திருந்தால் 1901-க்குப் பிறகு ஒட்டிய லேபிள். முகவரியும் உதவும்: லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் இணையதளத்தில், ஓவியப் பொருள் வணிகர்கள் எந்த ஆண்டில் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்ற பட்டியலே இருக்கிறது. லேபிள் ஒரு கம்பெனி, கட்டிகள் வேறு கம்பெனி என்றிருந்தால் தயங்க வேண்டாம். தீர்ந்ததை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

3. இழுப்பறையை வலுவாக இழுக்காதீர்கள்

அடியில் இழுப்பறை இருந்து திறக்கவில்லை என்றால், மூடியைத் திறந்து விளிம்பில் தேடுங்கள். பல பெட்டிகளில் சின்னப் பித்தளை ஊசி ஒன்று மேலிருந்து செருகியிருக்கும். அதை மேலே தூக்கினால் இழுப்பறை வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே பீங்கான் தட்டு, சில சமயம் யாரோ கடைசியாகக் குழைத்த வண்ணம் காய்ந்தபடியே இருக்கும். அதைக் கழுவவே கூடாது. பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

4. கையுறை போடுங்கள்

எமரால்டு பச்சையில் ஆர்சனிக், வெர்மிலியன் சிவப்பில் பாதரசம், குரோம் மஞ்சளிலும் ஃபிளேக் வெள்ளையிலும் ஈயம். அந்தக் கட்டிகளால் வரைய வேண்டாம், தூளை ஊதவும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

5. சுத்தம்

கட்டிகளின் மேல் தண்ணீர் படவே கூடாது. மென்மையான, உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். மரத்தின் பளபளப்பு பெரும்பாலும் அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் கரையும். மெழுகு கொஞ்சமாகத் தடவலாம், எண்ணெய் வேண்டாம். பித்தளையைப் பாலிஷ் போட்டால் மூலைகளில் வெள்ளைப் படிவு தங்கிவிடும், அதன் பழைய நிறமும் போய்விடும். அப்படியே விடுங்கள்.

6. வைக்கும் இடம்

நேர் வெயில், சமையலறை, ஈரச்சுவர் மூன்றும் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 45–55 சதவீதம் இருந்தால் நல்லது. ஏறி இறங்கினால் மரம் வளையும், தகரம் துருப்பிடிக்கும். மரத்தில் மரப்புழு போட்ட பழைய துளைகள் மட்டும் இருந்தால் பயமில்லை. பெட்டிக்கு அடியில் வெளிர் நிறத்தில் புதுத் தூள் உதிர்ந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. உடனே பிளாஸ்டிக் பையில் கட்டி, மற்ற பெட்டிகளிடமிருந்து தள்ளிவைத்துவிட்டு, பழம்பொருள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.